பிறப்புச் சான்றிதழை ஒளித்த அப்பா எழுதுவது

தம்பி,

உன்னுடைய பிறப்புச் சான்றிதழைப் பதிவாளர் கந்தோரில் கரையான் அரிக்கவில்லை. பழைய பதிவேடு கொழும்புக்குப் போகவில்லை. அதைத் தேடித் தருகிற பிள்ளை பிரசவ விடுமுறையிலும் இல்லை. இந்த மூன்றும் ஐந்து மாதமாக நான் உனக்குத் தொலைபேசியில் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்ட பொய்கள். சான்றிதழ் நம் வீட்டு அலுமாரியில், என் கல்யாணப் பட்டு வேட்டிக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சுகமாகப் படுத்திருந்தது. அந்த வேட்டி என் இடுப்பைச் சுற்றி வர மறுத்துப் பல வருடங்களாகிவிட்டதால், அதை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பினேன். போன வெள்ளிக்கிழமை உன் அம்மாவுக்கு அலுமாரியில் அந்துருண்டை போடத் தோன்றிவிட்டது.

உறையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். "என்னாங்க இது?" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "எது?" என்றேன். "தம்பி பேரு போட்டிருக்கு. அஞ்சு மாசமா கெடைக்கல கெடைக்கலன்னீங்களே, இது என்னா, வேட்டி போட்ட குட்டியா?" நேற்றுத்தான் வந்தது, சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அவள் முத்திரையில் இருந்த திகதியைக் காட்டிவிட்டு, "முப்பது வருசமா ஜவுளிக் கடையில பொய் சொல்றவரு, வீட்டுல சொல்றப்ப கொஞ்சம் நல்லதா சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். கோபத்தைவிட அந்த ஏமாற்றம்தான் என்னைச் சுட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. பேனாவையும் தாளையும் வைத்து, "எழுதி முடிங்க, அப்பறம்தான் சோறு" என்று சொல்லியிருக்கிறாள். இதன் ஒரு பிரதியை ஞாயிறு இதழுக்கும் அனுப்ப வேண்டுமாம். பிள்ளைகளின் காகிதத்தை ஒளித்து வைத்திருக்கிற அப்பாக்கள் ஊரில் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது அவளுடைய கணிப்பு. ஆகவே, இடையில் ஏதாவது ஒரு வாக்கியம் கனமாக வந்தால் அதை என் அறிவு என்று நினைக்காதே, பசி.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். வீடு மாறும்போது பழைய சான்றிதழைத் தொலைத்துவிட்டேன், அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் புதிய பிரதி வேண்டும் என்று நீ கேட்ட அடுத்த வாரமே நான் கந்தோருக்குப் போனேன். அன்றைக்கென்று பார்த்து வரிசையே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை சிரித்த முகத்தோடு படிவத்தை வாங்கி, இருபது நிமிடத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். மூன்று தடவை அலைய வைத்திருந்தால் நான் கோபத்தில் வாங்கி, அதே கோபத்தில் தபாலில் போட்டிருப்பேன். யோசிக்க நேரம் கிடைத்ததுதான் வினை. வீட்டுக்கு, பிலிமத்தலாவைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் வேறு கிடைத்தது. உறையிலிருந்து எடுத்து வாசித்தேன். உன் பெயர். பிறந்த இடம் கண்டி. தகப்பனின் இனம், இந்தியத் தமிழர். அதற்குக் கீழே ஒரு கட்டம்: பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த இடமும். அங்கே உன் தாத்தாவின் பெயரும் ஹுன்னஸ்கிரிய என்ற ஊரும் இருந்தன. அதற்கும் கீழே இன்னொரு கட்டம், பூட்டன் எங்கே பிறந்தான் என்று. பிறந்து மூன்று நாளான, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத உன்னிடம் இந்த நாடு இத்தனை கேள்வி கேட்டிருக்கிறது. நாமும் ஒன்றுவிடாமல் பதில் சொல்லியிருக்கிறோம். உன் பிள்ளைக்கு எழுதப்போகிற தாளில் இந்தக் கட்டங்கள் இருக்காது, ஹுன்னஸ்கிரியவும் இருக்காது என்று நினைத்தேன். கடுகண்ணாவைப் பக்கம் போகிற பஸ் என்பதை மறந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் நடந்து திரும்பி வந்தேன். வந்த வேகத்தில் அதை வேட்டிக்கு அடியில் தள்ளினேன். ஒரு வாரம் வைத்திருப்போம் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முன்னால் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். மெல்பேர்ணில் ஒரு பெரியவர் வீட்டுக் குளிரூட்டியைப் பழுதுபார்க்கப் போயிருந்தாய். அவர் பிஸ்கட்டும் தேநீரும் தந்து, நீ நல்ல பிள்ளை, உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வெளியிலிருந்து இத்தனை பேர் வந்த பிறகு என் தெருவே எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னாராம். அன்று மாலை நீ என்னிடம் கேட்டாய்: "அப்பா, நாங்க வந்து அவங்க நாட்டை மாத்திட்டமா? வெளியாட்கள் வந்தா ஒரு நாட்டோட அடையாளமே மாறிருமா?" அதே மூச்சில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதையும் சொன்னாய். நல்ல கேள்வி. நல்ல அப்பாவாக இருந்தால் யோசித்துப் பதில் சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன்? "அப்ப எதுக்குடா அங்க குந்திக்கிட்டிருக்க? மரியாதையா வந்துரு!" அதோடு நிறுத்தினேனா? "ஒந்தாத்தா சாகுற வரைக்கும் கெடைக்காத குடியுரிமையை நீ வேணாம்னு எழுதிக் குடுக்கப் போறியா?" என்றும் கேட்டேன். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியிருக்கிறது, அதற்கும் விண்ணப்பிப்பேன் என்று நீ சொல்வதற்குள் கையடக்கத் தொலைபேசியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அதன் பிறகு, இந்தக் காகித விஷயத்தை விட்டால், நாம் இருவரும் மழையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். இங்கே பெய்கிறதா, அங்கே பெய்கிறதா என்று வானிலை நிலையக்காரர்கள் மாதிரி.

உன் கம்பனி அரசாங்கக் கட்டடங்களுக்குக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும்தான் அனுப்புமாம். போன தடவை உன் பெயர் வந்து, காகிதம் இல்லாததால் கைவிட்டுப் போனது. அதைச் சொல்லிவிட்டு, "பரவாயில்லப்பா, கந்தோர்னா அப்பிடித்தான், நீங்க அலையாதீங்க, காலு வலிக்கும்" என்று எனக்கே நீ ஆறுதல் சொன்னாய். தம்பி, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த தெரிவு வருட முடிவில் என்கிறாய். அதற்குள் இந்தக் காகிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும். வரும். அதற்கு முன் உன் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். வாடிக்கையாளர் கேட்ட சேலையை முதலிலேயே எடுத்துக் காட்டுகிறவன் நல்ல விற்பனையாளன் இல்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். கண்டி நகரத்தில், பகலிலும் லைட் போட்ட ஒரு கடையில், மணப்பெண்களுக்கான சேலையை என் தோளில் போட்டுக் காட்டுவது. என் உருவத்துக்குச் சேலை ஓரளவு பொருந்தினாலே பெண் வீட்டாருக்குத் தைரியம் வந்துவிடும், இவருக்கே இப்படி என்றால் நம் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று. கொஞ்ச நாளைக்கு முன் பேராதனைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள அம்மா மகளோடு வந்தார். கதிரையில் உட்கார்ந்ததுமே, "இந்தியாச் சாமான் எதுவும் காட்ட வேண்டாம். எங்கள் பாரம்பரியக் கண்டி ஒசரிதான் வேண்டும்" என்று சிங்களத்தில் கட்டளை போட்டார். நானும் பயபக்தியோடு பதினொரு சேலை எடுத்துப் போட்டேன். பதினொன்றும் இந்தியாவிலிருந்து வந்தவை. அவர் தேர்ந்தெடுத்த வெள்ளைச் சேலையின் மூலையில் சூரத் என்று ஒரு சின்ன முத்திரை. அதை என் கட்டைவிரலால் மூடியபடியே, ஒசரி முறையில் இடுப்பில் விசிறி மாதிரி மடிப்பு நிறுத்தி, முந்தானையைத் தோளிலிருந்து நேராகத் தரைக்கு விட்டுக் காட்டினேன். சட்டைக்குத் தெரிவு செய்த உப்பிய கையும் லேஸும் எந்தக் கப்பலில் எந்த வெள்ளைக்காரியோடு வந்தன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் அதை உடுத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பி நின்றபோது, அவள் இந்த மலைநாட்டுப் பெண்ணாக மட்டும்தான் இருக்க முடியும். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. நான் ஏமாற்றினேன் என்று உன் அம்மா சொல்லுவாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் துணியில் எது வந்தது, எது இருந்தது என்று முப்பது வருடமாக மடித்தும் பிரித்தும் பார்க்கிறேன், ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. அந்த மடிப்பைச் சரியாக நிறுத்திக் காட்டியவன் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

இவ்வளவு தெளிவாக இருக்கிறானே அப்பன் என்று நினைக்கிறாயா? பொறு. நான் செய்த இன்னொரு காரியத்தை உன்னிடம் மறைத்திருக்கிறேன்.

நீ போன அடுத்த வருடம் நம் பக்கத்து வீட்டைத் திருத்தினார்கள். தரைக்கு டைல்ஸ் பதிக்க வட இந்தியாவிலிருந்து ஆறு பேரைக் கொண்டுவந்து அந்த வீட்டிலேயே தங்க வைத்தார்கள். அவர்கள் கடுகெண்ணெயில் சமைத்தார்கள். அந்த வாசனை நம் குசினி ஜன்னல் வழியாக வந்து உன் அம்மாவின் சாம்பாரைத் தோற்கடித்தது. முன்பக்கக் குழாயில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார்கள். லேனில் இருக்கிற ஒன்பது வீட்டுக்கும் முகம் சுளித்தது. மேல் வீட்டுப் பண்டார மாத்தயாவை உனக்குத் தெரியுமே, ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர், இன்னமும் கோச்சிக்குக் கொடி காட்டுகிற தோரணையில்தான் வாசலில் நிற்பார். அவர் வீட்டு முன்விறாந்தையில் கூட்டம். "பாருங்கள், இந்த இந்தியாக்காரர்கள் வந்து நம் லேனின் பழக்கவழக்கத்தையே கெடுத்துவிட்டார்கள், இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான், உன் தகப்பன், இனம் இந்தியத் தமிழர், "ஓவ், ஓவ்" என்று இரண்டு தடவை தலையாட்டினேன். பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதுவது என்று முடிவானது. மூன்று மொழியிலும் கையெழுத்து அழகாக இருக்கிறவன் லேனில் ஒருவன்தான். கூச்சமில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது பண்டார மாத்தயாவுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். என் தோளில் கை போட்டு, "உங்களைச் சொல்லவில்லை, தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் நம் ஆள்" என்றார். தம்பி, நான் சொல்ல வெட்கப்படுவது மனுவை அல்ல, இதைத்தான். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அப்படியொரு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், பொலிஸ் சோதனையில், எந்த இடத்திலும் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிற அந்த நூறு அடி தூரத்தை மிதந்துகொண்டு வந்தேன். படலையைத் திறக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது: இத்தனை வருடம் சொல்லாதவர் இன்றைக்கு ஏன் சொன்னார்? நான் மாறிவிடவில்லை. என்னைவிடப் புதிதாக ஆறு பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் வந்ததால் எனக்கு ஒரு படி பதவி உயர்வு.

உறைத்தும் மனுவை எழுதினேன். அதுதான் உன் அப்பன். 'எமது பிரதேசத்தின் நீண்டகாலப் பண்பாட்டு அடையாளத்துக்குப் பாதிப்பு ஏற்படும் வகையில், இந்தியாவிலிருந்து வந்து குடியேறியுள்ள சிலர்' என்று முத்து முத்தாகத் தொடங்கினேன். உன் அம்மா தமிழ்ப் பிரதியை எடுத்து வாசித்துவிட்டு, "இது யாரைப் பத்தி?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டு டைல்ஸ்காரனுங்க." "அப்பிடியா? நான் ஒங்கப்பாவைப் பத்தின்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை மேசையில் வைத்து, மேலே தண்ணீர்க் குவளையையும் வைத்துவிட்டுப் போனாள். மை ஊறிப் பரவியது. நான் இன்னொரு பிரதி எழுதவில்லை. சிங்களப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் பண்டார மாத்தயாவிடம் போய்விட்டன.

ஆனால் அவையும் சபைக்குப் போய்ச் சேரவில்லை. முதல் கையொப்பமிட்ட பண்டார மாத்தயா, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் தேடிப் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது, அவர்கள் பதித்திருந்த குளியலறைத் தரை அவருடைய கண்ணில் பட்டுவிட்டது. அடுத்த வாரமே அந்த ஆறு பேரில் மூத்தவனான மனோஜ், கூட்டம் நடந்த அதே விறாந்தையில் முழந்தாளிட்டு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். நான் வேடிக்கை பார்க்கப் போனபோது, "அங்கிள், இந்தியா?" என்று என்னைக் கேட்டான். "நோ! கண்டி!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காகம் பறந்தது. அவன் கோபிக்கவில்லை. அவனுடைய தாத்தாவின் அண்ணன் ஒருவர் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏதோ ஒரு தீவுக்குப் போனாராம், திரும்பவே இல்லையாம். உடைந்த ஆங்கிலத்தில் அதைச் சொல்லிவிட்டு, என் மூக்கையும் காதையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான், எங்கேயாவது சாடை தெரிகிறதா என்று. நானும் முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் போய்விட்டார்கள். போகுமுன் முக்குக் கடைக்காரருக்கு உருளைக்கிழங்கு வைத்த ஒரு ரொட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கடை வாசலில் 'நம்ம ஊர் ஸ்பெஷல்' என்று சிங்களத்தில் பலகை தொங்குகிறது. பண்டார மாத்தயா மாலையில் இரண்டு சாப்பிடுகிறார். டொக்டர் ஒன்றுதான் அனுமதித்திருக்கிறாராம், அதை அவருடைய வீட்டில் சொல்லிவிடாதே.

இனி உன் தாத்தா விஷயம். நான் உனக்கு இதுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு தகரப் பெட்டி கட்டினார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகப் பதிந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு வரும், வந்ததும் கண்டியில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுகிற அழுகையில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தாத்தாவும் பதிந்திருந்தார். ஒவ்வொரு வீடாகப் பூட்டப்பட்டது, எங்களுக்கு மட்டும் கடவுச்சீட்டு வரவில்லை. "கொழும்புக் கந்தோர்ல ஏதோ சிக்கலாம்" என்பார் தாத்தா. என் அம்மா தினமும் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றி, தாயே, காகிதத்தைக் கண்ணில் காட்டு என்று கும்பிடுவார். பிறகு கப்பலும் நின்றுபோனது. நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம், அடையாள அட்டை இல்லாமல், வாக்கு இல்லாமல்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பிக்கப் போனேன். கிராம சேவகர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஒங்க குடும்பம் இந்தியா லிஸ்ட்ல இருக்கு தம்பி. கடவுச்சீட்டுக் குடுத்து ஒம்பது வருசமாச்சு. நீங்க போயிருக்க வேண்டியவங்க" என்றார். வீட்டுக்கு ஓடிவந்து கேட்டேன். தாத்தா மாரியம்மன் படத்தைக் கழற்றி, பின்பக்க அட்டையைப் பிரித்தார். உள்ளே கடவுச்சீட்டு. என் அம்மா இத்தனை வருடம் எதைக் கேட்டுக் கும்பிட்டாரோ அது கும்பிட்ட படத்துக்குள்ளேயே இருந்தது. "ஏன்ப்பா இப்பிடிச் செஞ்சீங்க?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அங்க எனக்கு யாருடா தெரியும்? இங்கன்னா எந்தத் திருப்பத்துல எப்ப மழை வரும்னு தெரியும்" என்றார். அவ்வளவுதான். நான் ஆசிரியனாகவில்லை. அந்த நாட்டுக்காரன் என்று எழுதப்பட்டவனுக்கு இந்த நாட்டில் அரசாங்க வேலை ஏது? கண்டிக்கு இறங்கி வந்து, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிச் சேலைக் கடையில் சேர்ந்தேன். ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் அவர் என் ஆயுளையும் சேர்த்துச் செருகி வைத்திருந்தார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முழுதாக மன்னிப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அப்படிப்பட்ட நான்தான் உன் காகிதத்தை ஒளித்தேன். அவராவது சாமியை நம்பி ஒளித்தார். நான் வேட்டியை நம்பினேன்.

இப்போது உன் கேள்வி. ஆமாம் தம்பி, மாறும். வெளியாட்கள் வந்தால் நாடு மாறும். நாம் ஒன்றையும் மாற்றவில்லை, கூலிக்கு வேலை செய்துவிட்டுச் சும்மா ஓரமாக இருக்கிறோம் என்று அந்தப் பெரியவரிடம் சொல்லிவிடாதே. அது பொய், அவமரியாதையும்கூட. அவருடைய தெரு மாறித்தான் இருக்கிறது. நீ பொரிக்கிற கருவாட்டை அந்தத் தெரு இதற்கு முன் அறிந்திருக்காது. தெரியாத வாசனை வீட்டுக்குள் வரும்போது மனிதனுக்கு வருகிற கலக்கம் எனக்குத் தெரியும், ஆறு பேரின் கடுகெண்ணெய்க்கு நான் மூன்று மொழியில் கலங்கியிருக்கிறேன். ஆகவே அவர் மறுபடி அதைச் சொன்னால் வாதாடாதே. அந்தத் தெரு முன்பு எப்படி இருந்தது என்று கேள். சொல்லச் சொல்லி உட்கார்ந்து கேள். அவருடைய அப்பாவோ பாட்டனோ எங்கிருந்து கப்பலேறி வந்தார்கள் என்பதும் அந்தக் கதையில் எப்படியும் வந்துவிடும். குடியுரிமை விழாவையே அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை சொல்லித்தான் தொடங்குவார்கள் என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் மேடையிலும் கீழேயும் இருக்கிற மற்ற எல்லோரும் ஏதோ ஒரு தலைமுறையில் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தானே.

மாறுவது ஒரு பக்கம் மட்டும் நடப்பதில்லை என்பதையும் பார்த்துவிட்டேன். போன தடவை வந்தபோது, உன் காலை மிதித்த பஸ் கொண்டக்டரிடம் நீ மன்னிப்புக் கேட்டாய். பாவம், அந்த மனிதன் பயந்துபோய் உனக்கு இருக்கை பிடித்துக் கொடுத்தான். நாட்டின் அடையாளம், குடும்பத்தின் அடையாளம் எல்லாம் பூட்டி வைத்துக் காப்பாற்றுகிற பொருள் என்று நினைத்தேன். ஐந்து மாதம் பூட்டியும் பார்த்தேன். அந்துருண்டை நாற்றம்தான் வந்தது. வந்ததை எல்லாம் கும்பிட்டு ஏற்றுக்கொள் என்று சொல்லவில்லை, இருந்ததை எல்லாம் இறுக்கிப் பிடி என்றும் சொல்லவில்லை. உனக்கு ஒரேயொரு எச்சரிக்கை. இன்னும் பத்து வருடத்தில் உன் தெருவுக்கு உன்னைவிடப் புதிதாக யாராவது வருவார்கள். அவர்களுடைய சமையல் உனக்கு நாறும், அவர்களுடைய பாட்டு உனக்கு இரைச்சலாகக் கேட்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் உன் தோளில் கைபோட்டு, "நீ எங்கள் ஆள்" என்பார். உனக்கு உச்சி குளிர்ந்துபோகும். அந்த நிமிடம் கவனம். என் கையெழுத்து உனக்கும் வந்திருக்கிறது.

நேற்று சான்றிதழை எடுத்துக்கொண்டு கெலிஓயாவுக்கு, நிஸாம் நானாவிடம் போனேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், நீ வெளிநாடு போகும்போதும் அவர்தான் செய்து தந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி முத்திரையைப் பார்த்தார். "என்ன மச்சான், அஞ்சு மாசத்துக்கு முந்தின திகதி ஈக்கி? கந்தோர்ல சுணங்கினதா, ஒங்கட மனசுல சுணங்கினதா?" நான் இளித்தேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீங்க. என்ட மகள் லண்டனுக்குப் போறத்துக்கு வெச்ச பேப்பர, ஊருக்கெல்லாம் ஒரே நாள்ல செஞ்சு குடுக்கிற நான், ஆறு மாசம் இந்த மேச லாச்சிக்குள்ள போட்டு வெச்சீந்த. இப்ப புள்ள நல்லா ஈக்கி, அல்ஹம்துலில்லாஹ். கோல் எடுத்தா நான்தான் அழுற." பிறகு தட்டச்சு செய்தார். பாட்டன் பிறந்த இடம் என்ற வரிக்கு வந்ததும் ஹுன்னஸ்கிரியவை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எனக்கு வாசித்துக் காட்டி, சரிதானா என்று இரண்டு முறை கேட்டு, அதன்மேல் விழாதபடி தள்ளி முத்திரையைக் குத்தினார். இந்தக் கடிதத்தோடு சான்றிதழும் மொழிபெயர்ப்பும் நாளைக் காலை புறப்படும். தபாலில் போடும்போது உன் அம்மாவும் கூட வருகிறாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கடைசியாக ஒன்று. சட்டம் மாறி எனக்குக் குடியுரிமை கிடைத்த நாளைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதே இல்லை. சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையாக மர வாங்குகளில் உட்கார வைத்து, இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனேன், கையொப்பமிட்டேன், தாளை வாங்கினேன். பின்னால் ஆள் நின்றதால் உடனே விலகினேன். பத்து மணிக்கு முன் கடைக்குப் போய்விட்டேன், முகூர்த்த மாதம். கடையில் யாரிடமும் சொல்லவில்லை. அதுவரை நான் இந்த நாட்டுக்குக் குடிமகனாக இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாதே, எங்கிருந்து தொடங்குவது? தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சேலை மடித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அங்கே விழாவில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், நகர முதல்வர் கைகொடுப்பாராம், ஒரு சின்ன மரக்கன்றும் தருவார்களாம். நாள் குறித்ததும் எழுது. பிற்பகல் என்றால் இங்கே காலை, நான் லீவு போட்டுவிடுகிறேன். எந்தச் சேலை என்று உன் அம்மா இப்போதே என்னை அரிக்கிறாள். தொலைபேசியை யாராவது ஒரு நண்பனிடம் கொடுத்து எங்களுக்குக் காட்டச் சொல். உன் பெயரை அவர்கள் சரியாகச் சொல்லமாட்டார்கள், திருத்தாதே, எழுந்து போ. போனதும், பின்னால் ஆள் நிற்கிறதே, வேலைக்கு நேரமாகிறதே என்று நம் வீட்டுப் பழக்கத்தில் சட்டென்று இறங்கிவிடாதே. கைதட்டுவார்கள். தட்டி முடியும்வரை அந்த இடத்திலேயே நில்.

அப்பா